மேஜிக் கதையுலகம்: முப்பது ஆண்டுக் கதையை எங்கிருந்து பிடிப்பது?

2025இல் ‘மேஜிக்: தி கேதரிங்’ கார்டு விளையாட்டுக்கு ஆறு பெரிய தொகுப்புகள் வந்தன. மூன்று அதன் சொந்தக் கதையுலகத்தைச் சேர்ந்தவை. மற்ற மூன்றும் வெளியிலிருந்து வந்தவை: ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வீடியோ கேம், ஸ்பைடர்மேன், ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடர். மேசையில் ஒருபுறம் டிராகன் இறங்க, மறுபுறம் ஸ்பைடர்மேன் நிற்பதைப் பார்க்கும் புதியவருக்கு எழும் முதல் கேள்வி, இவர்கள் எல்லாரும் ஒரே கதையில் வருகிறார்களா என்பதுதான். அதே ஆண்டு பிப்ரவரியில், அதுவரை ‘காலதேஷ்’ என்று அறியப்பட்ட உலகம் ‘அவிஷ்கார்’ என்ற பெயருடன் திரும்பி வந்தது. பழைய நாவல்களில் உலகங்களையே படைக்கும் வல்லமையோடு இருந்த மாந்தர்கள், இன்றைய கதைகளில் கத்திக்குத்துக்கு அஞ்சுகிறார்கள். உலகம் விட்டு உலகம் போக முடியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களோ சர்வ சாதாரணமாகப் போய்வருகிறார்கள்.

இந்தக் குழப்பங்கள் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய இந்த விளையாட்டை 1993 ஆகஸ்ட்டில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. 1999இல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கியது. அன்றுமுதல் இன்றுவரை சேர்ந்திருக்கும் கதையை ஒரே நீண்ட தொடர்கதை என்று எண்ணி முதல் அத்தியாயத்தைத் தேடுவதுதான் புதியவர்கள் இடறும் இடம். இது தொடர்கதை அல்ல. பெரும்பாலும் தனித்தனி உலகங்களின் கதைகள். அவற்றின் ஊடே நீண்ட தூரம் ஓடும் சரடுகள் இரண்டே இரண்டு. ஒன்று, ஒரு கறுப்பு எண்ணெய். மற்றொன்று, ‘ஸ்பார்க்’ என்று அழைக்கப்படும் ஒரு தீப்பொறி. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக இடத்தில் அமரும்.

கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

முதலில் கார்டிலேயே. ஒரு கார்டை எடுத்துப் பாருங்கள். மேலே பெயர், அதன் கீழே ஓவியம், நடுவில் வகை, அதற்கும் கீழே அந்தக் கார்டு என்ன செய்யும் என்ற விதி. இடம் மிஞ்சினால் சாய்வெழுத்தில் ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். ‘ஃபிளேவர் டெக்ஸ்ட்’ என்று அழைக்கப்படும் அந்த வரிகளுக்கு ஆட்டத்தில் எந்த வேலையும் இல்லை. கதைக்காக மட்டுமே அச்சிடப்படுபவை. ஆனால் கதை அங்கே மட்டும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இந்த விளையாட்டின் உண்மையான சிறப்பு, விதியே கதை சொல்வதில் இருக்கிறது.

1994 மார்ச்சில் வந்த ‘ஆன்டிக்விட்டீஸ்’ தொகுப்பு உர்சா, மிஷ்ரா என்ற இரு சகோதரர்களின் போரைச் சொன்னது. அந்தப் போரை விவரிக்கும் நாவல் எதுவும் அப்போது கிடையாது. உர்சாவின் சுரங்கம், மிஷ்ராவின் பட்டறை, யாக்மோத்தின் பூசாரி என்று கார்டுகளின் பெயர்களையும் சாய்வெழுத்து வரிகளையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் அன்றைய வாசகர்கள் கதையைக் கண்டெடுத்தார்கள், தொல்லியலாளர் மண்ணிலிருந்து ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்குவதுபோல. அந்தத் தொகுப்பில் ‘கோல்கோதியன் சைலெக்ஸ்’ என்றொரு கிண்ணம் உண்டு. கதைப்படி உர்சா போரை முடிக்கப் பயன்படுத்திய பேரழிவுக் கருவி அது. அந்தக் கார்டின் விதி என்ன தெரியுமா? இயக்கினால், ஆன்டிக்விட்டீஸ் தொகுப்பில் முதன்முதலாக அச்சான பெயர்களைக் கொண்ட கார்டுகள் யாருடைய பக்கம் இருந்தாலும் மேசையிலிருந்து அகல வேண்டும். கிண்ணமும் அதே தொகுப்பைச் சேர்ந்ததுதான், அதுவும் போய்விடும். ஒரு நாகரிகமே தன் படைப்புகளோடு அழிவதை ஒரே வரி விதியில் சொன்ன கார்டு இது.

2022 நவம்பரில் அதே போரை மறுபடி சொன்ன ‘தி பிரதர்ஸ் வார்’ தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மிஷ்ரா ஒரு கார்டு. அவன் ஓட்டிய, ஃபிரெக்சியா என்ற எந்திர உலகத்து டிராகன் எந்திரம் இன்னொரு கார்டு. உரிய நிபந்தனை நிறைவேறினால் இரண்டையும் புரட்டி மேலும் கீழுமாகச் சேர்த்து வைக்க வேண்டும். பின்பக்கங்கள் சேர்ந்து இரு மடங்கு அளவில் ஒரே உருவமாகின்றன: மனிதனும் எந்திரமும் பிரிக்க முடியாதபடி கலந்த மிஷ்ரா. கதை தெரியாதவர்கூட, அந்தக் கார்டைக் கையால் புரட்டும்போது ஒருவன் தன்னை இழப்பதைப் பார்த்துவிடுகிறார்.

நான்கு அடிப்படைச் சொற்கள்

1. பிளேன். ஒரு தனி உலகம். சொந்த வானம், சொந்த மக்கள், சொந்தத் தெய்வங்கள் எல்லாம் அதற்கு உண்டு. டொமினேரியா, ராவ்னிக்கா, இன்னிஸ்ட்ராட், செண்டிகார் ஆகியவை அடிக்கடி வரும் பிளேன்கள். எல்லாம் சேர்ந்தது ‘மல்டிவெர்ஸ்’.

2. பிளேன்ஸ்வாக்கர். உலகங்களுக்கு இடையே பயணம் செய்யக்கூடியவர். இந்த ஆற்றலோடு பிறப்பவர்கள் மிக அரிது. உள்ளே உறங்கும் ‘ஸ்பார்க்’ என்ற பொறி, பெரும் துயரமோ அதிர்ச்சியோ நேரும்போது பற்றிக்கொள்ளும். சந்திரா என்ற நெருப்பு மந்திரக்காரிக்கு அது பற்றியது, சிறுமியாக மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்ட தருணத்தில்.

3. மானாவும் ஐந்து நிறங்களும். மானா என்பது மந்திரத்துக்கான ஆற்றல், நிலத்திலிருந்து கிடைப்பது. அதற்கு ஐந்து நிறங்கள். ஒவ்வொன்றும் ஒரு மனப்பாங்கு. வெள்ளை ஒழுங்கையும் சமூகத்தையும் நாடும். நீலம் அறிவை நாடும். கறுப்பு அதிகாரத்துக்காக எந்த விலையும் கொடுக்கும். சிவப்பு உணர்ச்சிக்கும் விடுதலைக்கும் உரியது. பச்சை இயற்கையின் வளர்ச்சியை நம்புவது. ஒரு பாத்திரத்தின் நிறத்தைப் பார்த்தாலே அவர் எதற்காக உயிரை விடுவார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

4. செட். ஒரு வெளியீடாக வரும் கார்டுத் தொகுப்பு. பொதுவாக ஒரு செட், ஒரு உலகம், ஒரு கதை.

மூன்றாவது சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விளையாடுபவர்களின் பேச்சில் கலந்துவிட்ட பல பெயர்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ராவ்னிக்கா என்பது முழுக்க ஒரே நகரமாக இருக்கும் உலகம். 2005இல் அறிமுகமானபோது, ஐந்து நிறங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் வரும் பத்து இணைகளுக்கும் பத்துக் கூட்டமைப்புகள் அங்கே இருந்தன. வெள்ளையும் நீலமும் சேர்ந்த அசோரியஸ் சட்டம் இயற்றுகிறது. நீலமும் சிவப்பும் சேர்ந்த இஸ்ஸெட் ஆய்வுக்கூடங்களை வெடிக்கவைத்தபடியே கண்டுபிடிக்கிறது. கறுப்பும் பச்சையும் சேர்ந்த கோல்காரி, அழுகலிலிருந்து உணவு விளைவிக்கிறது. இன்று ஒருவர் “நான் கோல்காரி ஆடுகிறேன்” என்றால் ராவ்னிக்காவின் கதையோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. கறுப்பும் பச்சையும் கலந்த கார்டுக்கட்டு என்று மட்டுமே பொருள். மூன்று நிறக் கட்டுகளுக்கும் இப்படித்தான்: பான்ட், ஜண்ட் ஆகியவை அலாரா உலகத்தின் பகுதிகள், அப்சான், மார்டு ஆகியவை டார்கிர் உலகத்தின் குலங்கள். கதை தெரியாமல் இந்தப் பெயர்களைக் கேட்பவருக்குத் தலை சுற்றுவது இயல்பே.

முதல் சரடு: எண்ணெய்

உர்சாவும் மிஷ்ராவும் டொகேசியா என்ற தொல்லியலாளரிடம் வளர்ந்த சிறுவர்கள். கோய்லோஸ் என்ற குகையில், மறைந்துபோன ஒரு நாகரிகம் விட்டுச்சென்ற ஆற்றல்கல்லை அவர்கள் கண்டெடுக்கிறார்கள். கல் இரண்டாகப் பிளக்கிறது. ஆளுக்கொரு பாதி. மற்றவனிடம் இருக்கும் பாதி மேல் வந்த ஆசை, சண்டையாகி, படையாகி, ஒரு கண்டத்தின் காடுகளையும் சுரங்கங்களையும் தின்னும் போராகிறது. அந்தக் கல் சும்மா கிடந்த பொருள் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. ஃபிரெக்சியா என்ற உலகத்தின் வாசலை அடைத்து வைத்திருந்த முத்திரை அதுதான்.

ஃபிரெக்சியா, சதையை இழிவாகக் கருதி உயிர்களை எந்திரமாக மாற்றும் உலகம். அதன் தலைவன் யாக்மோத். ஆர்கோத் தீவில் நடந்த இறுதிப் போரில் தன் தம்பியின் தோல் எரிந்து விலகியபோது, உள்ளே உலோகம் இருப்பதை உர்சா பார்க்கிறான். எதிரி தம்பி அல்ல, தம்பிக்குள் புகுந்தது என்று புரியும்போது காலம் கடந்துவிட்டது. கிண்ணத்தை இயக்குகிறான். தீவு அழிகிறது, உலகின் தட்பவெப்பமே மாறி ஒரு பனியுகம் வருகிறது, உர்சாவின் ஸ்பார்க் பற்றிக்கொள்கிறது. 1995இல் வந்த ‘ஐஸ் ஏஜ்’ தொகுப்பு அந்தப் பனியில் நடப்பதுதான்.

அதன்பின் உர்சா நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஃபிரெக்சியாவை அழிக்கவே வாழ்கிறான். அதற்காக அவன் உருவாக்கியவற்றில் ஒன்று கார்ன் என்ற வெள்ளி மனிதன். 1997 முதல் 2001 வரை வந்த தொகுப்புகள், வெதர்லைட் என்ற பறக்கும் கப்பலின் கதையாக இந்தப் போரைக் கொண்டுபோயின. 2001இன் ‘அபோகலிப்ஸ்’ தொகுப்பில் யாக்மோத் அழிகிறான், உர்சாவும் மடிகிறான், கார்ன் பிளேன்ஸ்வாக்கர் ஆகிறான். கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. கார்ன் தனக்கென ஓர் உலோக உலகத்தைப் படைத்தான். அது பின்னாளில் மிரோடின் என்று பெயர் பெற்றது. 2003இல் அதற்கென ஒரு தொகுப்பும் வந்தது. ஃபிரெக்சியாவின் கறுப்பு எண்ணெய், கார்ன் அறியாமலே, அவனோடு அங்கே போயிருந்தது. அந்த எண்ணெயின் ஒரு சொட்டு போதும், மறுபடி ஃபிரெக்சியா முளைக்க. 2010இல் ‘ஸ்கார்ஸ் ஆஃப் மிரோடின்’ வந்தபோது நோய் வெளியே தெரிந்தது. மூன்றாம் தொகுப்பின் பெயரை நிறுவனம் அப்போது வெளியிடவில்லை. மிரோடின் வென்றால் ஒரு பெயர், ஃபிரெக்சியா வென்றால் வேறு பெயர் என்று இரண்டையும் காட்டி, விளையாடுபவர்களைப் பக்கம் சேரச் சொன்னது. 2011இல் வந்த பெயர் ‘நியூ ஃபிரெக்சியா’. அந்தத் தொகுப்பின் சில கார்டுகளுக்கு மானாவுக்குப் பதில் உங்கள் உயிர்ப் புள்ளிகளைக் கொடுக்கலாம். சதையைக் கொடுத்து வலிமையை வாங்குவதுதானே ஃபிரெக்சியாவின் மதம். அந்தப் பேரத்தில் உங்களையே கையெழுத்திட வைக்கிறது விதி.

2022-23இல் இந்தச் சரடு முடிச்சுக்கு வந்தது. எலேஷ் நார்ன் தலைமையில் நியூ ஃபிரெக்சியா, கால்ட்ஹைம் உலகத்தின் உலக மரத்திலிருந்து எடுத்ததைக் கொண்டு தனக்கென ஒரு மரத்தை வளர்த்து, அதன் கிளைகளை எல்லா உலகங்களுக்குள்ளும் செலுத்துகிறது. 2023 ஏப்ரலில் வந்த ‘மார்ச் ஆஃப் த மெஷின்’ அந்தப் படையெடுப்பு. அதற்கென ‘பேட்டில்’ என்ற புதிய கார்டு வகையே வந்தது. ஒவ்வொன்றும் ஓர் உலகத்தின் போர்க்களம். முடிவில் எலேஷ் நார்ன் கொல்லப்படுகிறாள், நியூ ஃபிரெக்சியா எட்ட முடியாத இடத்துக்குத் தள்ளப்படுகிறது. குகையில் இரு சிறுவர்கள் பிளந்த கல்லின் விளைவு, வாசகர்களின் கணக்கில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே வந்து நிற்கிறது.

இரண்டாம் சரடு: ஸ்பார்க்

தொடக்கத்தில் பிளேன்ஸ்வாக்கர் என்றால் நீங்கள்தான், அதாவது விளையாடுபவர். கதையில் வந்த பிளேன்ஸ்வாக்கர்களோ மூப்பில்லாதவர்கள், நினைத்த உருவம் எடுப்பவர்கள். இத்தனை வல்லமை உள்ளவரைக் கார்டாக்குவது கடினம். அவர் பசிப்பதும் பயப்படுவதும் இல்லை என்பதால் வாசகர் அவரோடு நெருங்குவதும் கடினம்.

2007இல் வந்த ‘ஃபியூச்சர் சைட்’ தொகுப்போடு முடிந்த கதை இதைத் தீர்த்தது. போர்மேல் போராக நடந்த டொமினேரியாவில் காலமே கிழிந்துபோயிருந்தது. அந்தக் கிழிசல்களை மூட, பழைய பிளேன்ஸ்வாக்கர்கள் தங்கள் ஸ்பார்க்கையும் சிலர் உயிரையும் கொடுக்கிறார்கள். ‘மெண்டிங்’ எனப்படும் இந்த நிகழ்வுக்குப் பின் ஸ்பார்க்கின் இயல்பு மாறுகிறது: பயணம் மட்டும் மிச்சம், தெய்வத்தன்மை போய்விடுகிறது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த ‘லோர்வின்’ தொகுப்பில்தான் முதல் ஐந்து பிளேன்ஸ்வாக்கர் கார்டுகள் வந்தன: அஜானி, ஜேஸ், லிலியானா, சந்திரா, கேரக். ஒரு மாந்தர் ஏன் பழைய கதையில் கடவுளாகவும் புதிய கதையில் மனிதராகவும் இருக்கிறார் என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு நிகழ்வுதான். கதை மெண்டிங்குக்கு முன் நடப்பதா பின் நடப்பதா என்று பார்த்தால் போதும்.

இழந்த வல்லமையை மறக்க முடியாத ஒருவன் இருந்தான். நிக்கோல் போலாஸ் என்ற மூத்த டிராகன். 1994இல் ‘லெஜண்ட்ஸ்’ தொகுப்பில் முதலில் வந்தவன். அந்தக் கார்டின் விதிப்படி, அவன் அடி விழுந்தால் எதிராளி கையில் உள்ள கார்டுகளை எல்லாம் கொட்ட வேண்டும். மெண்டிங்கில் போனதை மீட்பதற்கான அவன் சூழ்ச்சிதான் 2008க்குப் பின் வந்த பல தொகுப்புகளின் பின்னணியில் ஓடுகிறது. 2019 மே மாதத்தில் ‘வார் ஆஃப் த ஸ்பார்க்’ தொகுப்பில், ராவ்னிக்காவுக்குப் பிளேன்ஸ்வாக்கர்களை இழுத்து அடைத்து, அவர்களின் ஸ்பார்க்குகளைப் பறிக்க முயல்கிறான். வழக்கமாக ஒரு தொகுப்பில் ஒரு சிலரே பிளேன்ஸ்வாக்கர்களாக இருப்பார்கள். இதில் 36 பேர். லிலியானா கடைசி நேரத்தில் அவனுக்கு எதிராகத் திரும்புகிறாள். அவள் சாக வேண்டிய இடத்தில் அவள் தோழன் கிடியன் சாகிறான். போலாஸ் தோற்றுச் சிறைப்படுகிறான்.

2023க்குப் பின் என்ன மாறியது?

ஃபிரெக்சியாவின் மரம் விழுந்த பின் இரண்டு விளைவுகள் மிஞ்சின.

1. ‘ஓமன்பாத்’ என்ற வழிகள் உலகங்களுக்கு இடையே திறந்துகொண்டன. ஸ்பார்க் இல்லாத வணிகரும் திருடரும் குழந்தையும்கூட அவற்றின் வழியே போகலாம்.

2. பல பிளேன்ஸ்வாக்கர்களின் ஸ்பார்க் அணைந்துவிட்டது. சந்திராவின் காதலி நிஸா அப்படி இழந்தவர்களில் ஒருத்தி. 2025இன் ‘ஈதர்டிரிஃப்ட்’ தொகுப்பில் சந்திரா ஒரு பந்தயத்தில் ஓடுவதே, நிஸாவுக்கு மறுபடி ஒரு ஸ்பார்க்கைப் பெற்றுத் தரத்தான்.

இதனால் கதை எழுதுபவர்களுக்கு வசதி கூடியது: யாரையும் எங்கும் கொண்டுபோகலாம். இழப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓர் உலகம் தன் எல்லைக்குள் மூடியிருந்தபோது அங்கே ஒவ்வொரு வழக்கத்துக்கும் காரணம் இருந்தது. 2024இல் வந்த ‘அவுட்லாஸ் ஆஃப் தண்டர் ஜங்ஷன்’, பல உலகங்களின் மாந்தர்களைக் கௌபாய் தொப்பியோடு ஒரு பாலைவனத்தில் கூட்டியது. பழக்கமானவர்களைப் பார்க்கும் மகிழ்ச்சி அதில் இருந்தது. அந்த மண்ணுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதாக நம்பவைக்கும் அழுத்தம் இல்லை. வழிகள் திறந்த பின்னும் ஓர் உலகத்தின் தனித்தன்மையைக் காப்பதுதான் இன்றைய எழுத்தாளர்கள் முன் உள்ள கடினமான வேலை.

ஸ்பைடர்மேன் இந்தக் கதையில் இருக்கிறாரா?

இல்லை. பிற நிறுவனங்களின் கதைகளைக் கொண்டு வரும் வரிசைக்கு ‘யுனிவர்செஸ் பியாண்ட்’ என்று பெயர். அவற்றின் கார்டுகளை ஆட்டத்தில் சேர்த்து ஆடலாம். மேஜிக் கதையில் அவற்றுக்கு இடமில்லை. ஓமன்பாத் வழியாக ஸ்பைடர்மேன் ராவ்னிக்காவுக்கு வந்துவிடப்போவதில்லை. 2020இல் ‘தி வாக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் சில கார்டுகளோடு சிறிய அளவில் இது தொடங்கியது. 2023 ஜூனில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முழுத் தொகுப்பாக வந்தது. பிரதான போட்டி வடிவமான ‘ஸ்டாண்டர்ட்’ ஆட்டத்திலும் இனி இவை செல்லும் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டதுதான் திருப்பம். அதுவரை ஓரமாக இருந்த கேள்வி அதன்பின் எல்லார் மேசைக்கும் வந்தது.

இதிலிருந்து பிறந்த இன்னொரு குழப்பம், ஒரே கார்டுக்கு இரண்டு பெயர். வாக்கிங் டெட் தொடரின் ரிக் என்ற கார்டுக்குப் பின்னர் மேஜிக் உலகத்துக்குள் ஒரு மாற்று வடிவம் அச்சானது. அதில் அவர் பெயர் கிரேமண்ட். இன்னிஸ்ட்ராட்டின் காவல் தேவதை அவாசினின் வீரர். விதியின் பார்வையில் இரண்டும் ஒரே கார்டு. கதையின் பார்வையில் கிரேமண்ட் மட்டுமே உண்டு. 2025இல் ஸ்பைடர்மேன் தொகுப்புக்கும் இதுவே நடந்தது. ‘மேஜிக் அரீனா’ என்ற கணினி, கைபேசி விளையாட்டில் அது ‘த்ரூ தி ஓமன்பாத்ஸ்’ என்ற பெயரில், வேறு பெயர்களோடும் வேறு ஓவியங்களோடும் வந்தது. கைபேசியில் ஆடுபவரும் கடையில் அட்டையாக வாங்கியவரும் ஒரே கார்டைப் பற்றி வெவ்வேறு பெயரில் பேசிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

காலதேஷ், அவிஷ்கார்

இந்தியச் சாயலில் உருவாக்கப்பட்ட உலகம் இது. ஈதர் என்ற ஆற்றலில் இயங்கும் பித்தளைப் பறவைகள், இழை வேலைப்பாடு மிக்க வண்டிகள், கிராபூர் நகரில் கண்டுபிடிப்பாளர்களின் பெருவிழா. சந்திரா பிறந்த மண்ணும் அதுவே. 2016-17இன் கதையில் ஈதரைத் தன் பிடியில் வைத்திருந்த ‘கான்சுலேட்’ அரசுக்கு எதிராக மக்கள் எழுகிறார்கள். முன்னணியில் சந்திராவின் தாய் பியா. 2025இல் திரும்பும்போது, புரட்சிக்குப் பின் மக்கள் தங்கள் உலகத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் அவிஷ்கார் என்று கதை சொல்கிறது. உலகம் ஒன்றுதான், பழைய கார்டுகளில் உள்ள காலதேஷும் புதிய கார்டுகளில் உள்ள அவிஷ்காரும் வேறுவேறல்ல.

பழைய கதையும் புதிய கதையும் ஏன் முரண்படுகின்றன?

கதை சொல்லும் ஊடகம் பலமுறை மாறியதால். தொண்ணூறுகளின் முதற்பாதியில் கார்டு வரிகளும் பத்திரிகைக் கட்டுரைகளும் படக்கதைகளும் வெளியாரின் நாவல்களும் தனித்தனியே கதை சொல்லின. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஒழுங்கு அப்போது இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நிறுவனமே நாவல்களை வெளியிட்டுக் கதையைச் சீரமைத்தது. சில பழைய செய்திகள் திருத்தப்பட்டன, சில கைவிடப்பட்டன. பின்னர் நாவல்கள் குறைந்து, அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசமாக வெளியாகும் சிறுகதைகளும் அத்தியாயங்களும் முக்கிய வாசலாயின. கார்டுகளிலேயே கதையின் திருப்புமுனைகளை அடையாளமிட்டுக் காட்டும் வழக்கமும் 2016இல் வந்தது. இரண்டு ஆதாரங்கள் மோதினால் பிந்தியதை ஏற்பது நடைமுறை.

எங்கே தொடங்குவது?

1993இலிருந்து வரிசையாகப் படிக்க முயன்றால் பெரும்பாலும் பனியுகத்தைத் தாண்டுவதற்கு முன்பே களைத்துவிடுவீர்கள். இணையக் கலைக்களஞ்சியங்களிலும் தொடங்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு பெயரும் இன்னும் பத்துப் பெயர்களுக்கு இழுத்துப்போகும், முடிவுகள் எல்லாம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். உங்கள் ரசனை எதுவோ அதற்கேற்ற ஓர் உலகத்தில் நுழையுங்கள்.

1. முன்கதை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு: ‘புளூம்பரோ’, 2024. மனிதர்களே இல்லாத உலகம். எலிகளும் தவளைகளும் வாள் ஏந்துகின்றன. பிற உலகத்திலிருந்து வருபவர்கூட அங்கே விலங்காகிவிடுகிறார். ராவ்னிக்காவின் புயல் மந்திரவாதி ரால் இங்கே நீர்நாய். கதை தொடங்கி அங்கேயே முடிகிறது.

2. அச்சமூட்டும் கதை பிடித்தவர்களுக்கு: இன்னிஸ்ட்ராட், 2011-12. இருபக்கக் கார்டுகள் அறிமுகமான தொகுப்பு. அதன் ஓநாய் மனிதர்கள் பகலில் கிராமத்தார். ஒருவர் ஆடும் முறை முழுவதும் யாரும் மந்திரம் எதுவும் போடாமல் கழிந்தால் அட்டை புரண்டு ஓநாய் ஆகிறது. ஒருவர் ஒரே முறையில் இரண்டு மந்திரங்கள் போட்டால் மறுபடி மனிதன். ஊர் அடங்கினால் ஓநாய் வரும், ஆள் நடமாட்டம் இருந்தால் ஒதுங்கும். கார்டு ஓவியங்களையும் சாய்வெழுத்து வரிகளையும் தொகுப்பு வரிசைப்படி பார்த்தாலே பாதிக் கதை கிடைக்கும்.

3. பெருங்கதையின் வேரைத் தேடுபவர்களுக்கு: சகோதரர் போர். ஜெஃப் கிரப் 1998இல் எழுதிய நாவல் இன்றும் நன்றாக நிற்கிறது. ஒரு குடும்பச் சண்டையாகத் தொடங்கி உலகம் அழிவது வரை அவசரமில்லாமல் போகிறது. அதை முடித்துவிட்டு 2022 தொகுப்பின் கார்டுகளைப் பாருங்கள்.

4. இன்றைய கதையோடு சேர்ந்துகொள்ள விரும்புபவர்களுக்கு: ‘டொமினேரியா யுனைடெட்’, ‘தி பிரதர்ஸ் வார்’, ‘ஃபிரெக்சியா: ஆல் வில் பி ஒன்’, ‘மார்ச் ஆஃப் த மெஷின்’ ஆகிய நான்கின் இணையக் கதைகளை இதே வரிசையில் படிக்க வேண்டும். வரிசை முக்கியமாகும் இடம் இது ஒன்றுதான். நடுவில் ஒன்றை விட்டால் யார் எந்திரமானார், எப்போது ஆனார் என்பது புரியாது. அதற்குப் பின் வந்த தொகுப்புகளை விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம். 2026 ஜனவரியில் வந்த ‘லோர்வின் எக்லிப்ஸ்டு’, முதல் பிளேன்ஸ்வாக்கர் கார்டுகள் பிறந்த தொகுப்பின் உலகத்துக்கே திரும்புகிறது. 2007இன் லோர்வின் கார்டுகளைப் புரட்டிவிட்டு அதைத் திறந்தால், அதே மண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.